பிரேக்கில் எண்ணெய், ரிப்போர்ட்டில் சந்தேகம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பி இந்தப் பேனாவைத் திறக்கிறேன். இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது, அதைப் பற்றிப் பேசும் நேரம்தான் குறையவில்லை. மொட்டைமாடியில் வைத்த செடிகளில் பாதி பிழைத்துக்கொண்டன, மீதிப் பாதிக்கும் அவர் விடாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார், செத்துப்போனது அவற்றுக்கே தெரியாமல் இருந்துவிட்டுப் போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். நிற்க, போன வாரம் சித்தி உனக்குப் போன் பண்ணி, அம்மாவை வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள், இந்த வயதில் பையைத் தூக்கிக்கொண்டு டியூஷனுக்குப் போகிறாள் என்று சொன்னாளாமே. நீ பதறிப்போய் அப்பாவைக் கூப்பிட்டால் அவர் அதெல்லாம் ஒன்றுமில்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டு முழங்காலுக்குப் போய்விட்டாராம். வேலை போகவில்லை கண்ணு. டியூஷன் மட்டும் நிஜம். இதைப் போனிலேயே சொல்லலாம்தான், ஆனால் நீ நடுவில் அழுவாய், நான் நடுவில் சிரிப்பேன், விஷயம் வந்து சேராது. அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

எங்கள் லிஃப்ட் கம்பெனியை வெளிநாட்டுக்காரர்கள் வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது என்பது உனக்குத் தெரியும். அதற்கு முன்னால் ஒரு லிஃப்டைப் பார்த்துவிட்டு வந்தால் மேனேஜர் மேசை முன்னால் நின்று வாயால் சொல்வேன், அவர் தலையாட்டுவார், வேலை நடந்துவிடும். இப்போது எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதிக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும், கடல் தாண்டி ஒரு இன்ஜினியர் படித்துப் பார்த்து உத்தரவு கொடுப்பார். திங்கட்கிழமை தோறும் திரையில் வருவார். அவர் கேமராவை எப்படி வைப்பாரோ, மூக்குக்குக் கீழே தாடி மட்டும்தான் தெரியும், அதனால் ஆபீசில் அவருக்குத் தாடிக்காரர் என்றே பெயராகிவிட்டது. நல்ல மனுஷன். எதைச் சொன்னாலும் பிரமாதம், அருமை என்பார். ஒரு தடவை கரண்ட் போய்விட்டது, பத்து நிமிஷம் கழித்து வருகிறோம் என்றதற்கும் பிரமாதம் என்றார். எனக்கு ஆங்கிலம் எழுதுவதில் பயமே இருந்ததில்லை. பள்ளியில் பரிசு வாங்கியவள், லீவு லெட்டரிலிருந்து வீட்டுச் சொந்தக்காரருக்குப் புகார் வரைக்கும் இந்தத் தெருவில் பாதிப் பேருக்கு எழுதிக் கொடுத்தவள். ஆபீசிலும் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் உரிமை ஆய்வாளர்களில் எனக்கு மட்டும்தான் இருந்தது. அந்தக் கர்வம் கொஞ்சம் இருந்தது என்பதை உன்னிடம் மறைப்பானேன்.

ஆறு மாடிக் கண் ஆஸ்பத்திரி ஒன்று எங்கள் பராமரிப்பில் இருக்கிறது. நாலு மாசத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை காலையில் அங்கே படுக்கை ஏற்றும் பெரிய லிஃப்டைப் பார்க்கப் போனேன். மாடியில் மோட்டார் அறைக்குள் நுழைந்ததுமே கருகின வாசனை. கியர்ப் பெட்டிக்கு அடியில் எண்ணெய் மினுக்கியது. அந்த எண்ணெய் கசிந்து பிரேக்குக்குள் போகிறதோ என்று எனக்குப் பட்டது. பிரேக்கில் எண்ணெய் பட்டால் லிஃப்ட் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது, வழுக்கும். மூடியைக் கழற்றிப் பார்த்திருக்கலாம், ஆனால் அதில் கம்பெனி முத்திரை, தாடிக்காரரின் அனுமதியில்லாமல் உடைக்கக் கூடாது என்று புதுச் சட்டம். சரி என்று ஆபீசுக்கு வந்து எழுதினேன். கசிவைப் பற்றி இரண்டு வரி, அப்புறம் முக்கியமான வரி. பிரேக்குக்குள் எண்ணெய் போகிறது என்று சந்தேகமாக இருக்கிறது, அதாவது ஆங்கிலத்தில் 'ஐ டவுட்' என்று ஆரம்பித்து எழுதினேன். நாம் தினமும் சொல்வதுதானே, எனக்கு டவுட்டா இருக்கு, அவன்தான் எடுத்திருப்பான்னு டவுட்டா இருக்கு என்று. சாயங்காலமே பதில் வந்தது, நன்றி, இதைக் கேட்க நிம்மதியாக இருக்கிறது என்று. எண்ணெய் கசிவதில் என்ன நிம்மதி என்று ஒரு நொடி தோன்றியது. கரண்ட் போனதற்கே பிரமாதம் என்றவராயிற்றே, அவர்கள் மரியாதை அப்படி என்று நினைத்துக்கொண்டு அனுமதிக்குக் காத்திருந்தேன். செவ்வாய், புதன், வியாழன் வரைக்கும் காத்திருந்தேன். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். எழுதுவதுதான் எனக்குத் தைரியம், ஆங்கிலத்தில் போன் என்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், அது உனக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலையில் ஆஸ்பத்திரி நர்ஸ் போனில் கூப்பிட்டாள். மூன்றாவது மாடியில் ஒரு பெரியவரைச் சக்கர நாற்காலியோடு வெளியே தள்ளும்போது, முன் சக்கரம் தரையில், பின் சக்கரம் லிஃப்டுக்குள் இருக்கும் நேரத்தில், லிஃப்ட் ஒரு சாண் கீழே இறங்கிவிட்டது. தள்ளிக்கொண்டு வந்த ஆள் கெட்டிக்காரன், அப்படியே நாற்காலியைத் தூக்கி வெளியே தள்ளிவிட்டான். பெரியவருக்கு ஒரு கீறல் இல்லை. இரண்டு கண்ணிலும் கட்டு, என்ன நடந்தது என்றே தெரியாமல், "படி இருக்குன்னு ஒருத்தராவது சொல்லக்கூடாதா" என்று கேட்டாராம். நர்ஸ் இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள், அப்புறம் அழுதாள். நான் ஒல்லியைக் கூட்டிக்கொண்டு ஓடினேன். ஒல்லி எங்கள் மெக்கானிக், அவன் ஏறினால் மற்றவர்கள் அடுத்த லிஃப்டுக்குக் காத்திருப்பார்கள், அதனால் அந்தப் பெயர். மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டுப் போட்டேன், முத்திரையை உடைத்து மூடியைக் கழற்றினேன், அனுமதி கினுமதி எதுவும் கேட்கவில்லை. உள்ளே பிரேக் உருளை எண்ணெயில் குளித்திருந்தது.

அடுத்த திங்கட்கிழமை தாடிக்காரர் திரையில் வந்தபோது பிரமாதம் எதுவும் இல்லை. எண்ணெய் போகவில்லை என்று எழுதியிருந்தீர்களே, அதற்கும் வெள்ளிக்கிழமைக்கும் நடுவில் என்ன மாறியது என்று கேட்டார். வார்த்தை ஒவ்வொன்றும் எனக்குப் புரிந்தது, கேள்வி புரியவில்லை. எண்ணெய் போகிறது என்றுதானே எழுதினேன் என்றேன். அவர் என் வரியை வாசித்துக் காட்டினார். ஆமாம், அதேதான் என்றேன். அவர் திரும்ப வாசித்தார், நான் திரும்ப ஆமாம் என்றேன். நாலு தடவை இப்படி ஒரே வரியை இரண்டு பேரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டோம், இரண்டு பேருக்குமே தான்தான் ஜெயிக்கிறோம் என்ற நினைப்பு. மேனேஜரும் என் பக்கம்தான், அவருக்கும் அது எண்ணெய் போகிறது என்றுதான் பட்டது. கடைசியில் ஒல்லி, காற்றில் கதவு சாத்தாமல் இருக்க முட்டுக் கொடுத்து வைத்திருந்த தடி அகராதியை எடுத்து வந்து என் முன்னால் வைத்தான். பார்த்தேன் கண்ணு. அந்தச் சொல்லைப் போட்டு ஒன்றைச் சொன்னால், அது அப்படி இருக்காது என்று நினைக்கிறேன் என்று அர்த்தமாம். பிரேக்குக்குள் எண்ணெய் போகாது என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். இருபத்தாறு வருஷமாக எழுதும் சொல். அந்தப் பெரியவரின் கட்டுப் போட்ட முகம், நான் பார்க்காத முகம், கண் முன்னால் வந்தது.

மேனேஜர் மைக்கை அணைத்துவிட்டு என் பக்கம் குனிந்தார். "மேடம், டைப் அடிக்கும்போது ஒரு வார்த்தை விட்டுப்போச்சுன்னு சொல்லிடுங்க. 'இல்லை'ன்னு ஒண்ணு நடுவுல இருந்துச்சு, விழுந்துடுச்சு. யாருக்கும் வராத தப்பா அது? இத்தோட முடிஞ்சிடும்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, என் மானத்தைக் காப்பாற்றத்தான் பார்த்தார். எனக்கும் அது இனிப்பாகத்தான் இருந்தது. பரிசு வாங்கியவளுக்கு ஆங்கிலம் தெரியவில்லை என்பதைவிட, விரல் தவறிவிட்டது என்பது எவ்வளவு கௌரவம். வாயைத் திறக்கப் போனேன். அப்போது பின்னாலிருந்து ஒல்லி மெதுவாக, "அக்கா, நானும் அப்படித்தான் எழுதறேன். என்னோடது எத்தனை போயிருக்குமோ தெரியலை" என்றான். அவ்வளவுதான், எனக்கு உறைத்தது. டைப் தப்பு என்றால் என் ரிப்போர்ட்டோடு முடிந்துபோகும், மற்றதை யாரும் திருப்பிப் பார்க்க மாட்டார்கள். மைக்கை நானே போட்டேன். தப்பான சொல்லை எழுதிவிட்டேன், அது தப்பென்று எனக்குத் தெரியாது, எங்கள் ஆபீசில் யாருக்கும் தெரியாது, எல்லோரும் அதைத்தான் எழுதுகிறோம், தயவுசெய்து எல்லா ரிப்போர்ட்டையும் தேடுங்கள் என்றேன். நேற்று நடந்ததும் நாளை நடப்பதும் ஒரே வாக்கியத்தில் கலந்து வந்தது, இலக்கணம் ஆளுக்கொரு பக்கம் ஓடியது. டைப் தப்பு என்ற பொய்யையென்றால் ஒரு பிசிறில்லாமல் சொல்லியிருப்பேன். தாடிக்காரர் நாற்காலியைப் பின்னால் தள்ளி உட்கார்ந்தார், இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர் கண்ணைப் பார்த்தேன், சின்ன வயசுக்காரர்தான். எத்தனை பேர் எழுதுகிறீர்கள் என்று மட்டும் கேட்டார்.

அன்று மத்தியானமே தேடினோம். அந்தச் சொல் பதினொரு ரிப்போர்ட்டில் இருந்தது. ஏழு லிஃப்டை எப்படியோ பிறகு சரி பண்ணியிருந்தார்கள், நாலு லிஃப்ட் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. நாலுக்கும் ஆள் போனது. இரண்டில் ஒன்றுமில்லை, ஒன்றில் கதவுப் பூட்டு லொடலொடத்தது, ஒரு குடியிருப்பில் லிஃப்டைத் தாங்கும் கம்பி வடத்தில் இழைகள் அறுந்து முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தன. அது ஒல்லி எழுதிய ரிப்போர்ட். அவன் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை, அவன் சாப்பிடாமல் இருந்து நான் பார்த்ததே கிடையாது.

விசாரணை முடிந்து கம்பெனி ஒரு முடிவு சொன்னது. நான் வேலையில் இருக்கலாம், லிஃப்ட் பார்க்கலாம், ஆனால் ஆங்கிலத்தில் மேல்நிலைத் தேர்வு ஒன்று எழுதித் தேறும்வரை ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடக் கூடாது. இதைத்தான் சித்தி வேலை போய்விட்டதாக்கினாள். ஒன்றும் தப்பான முடிவில்லை என்று அப்பாவிடம் சொன்னேன், சொல்லிவிட்டுக் குளியலறைக் குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு அழுதேன். பத்து வருஷமாக லிஃப்ட் குழிக்குள் காலே வைக்காத மேனேஜர், கிரீசும் கையுமாக நான் வந்து சொல்வதற்குக் கீழே கையெழுத்துப் போடுவார். அவரும் பாவம், போடும்போதெல்லாம் என் முகத்தைப் பார்க்க மாட்டார்.

ஜெராக்ஸ் கடைக்கு மேலே மாடியில் ஒரு ஆங்கில வகுப்பு, வாரத்துக்கு மூன்று நாள் ஆபீஸ் விட்டுப் போக ஆரம்பித்தேன். எல்லாம் வெளிநாடு போகும் பிள்ளைகள், முதல் நாள் நான் உள்ளே போனதும் பாதி வகுப்பு எழுந்து நின்றுவிட்டது, டீச்சர் வந்துவிட்டாள் என்று. நிஜ டீச்சருக்கு உன் வயசுதான் இருக்கும், வாக்கியத்துக்கு ஒரு அதாவது போடுவாள், அதாவது டீச்சர் என்றே பெயர். என் கட்டுரையைப் படித்துவிட்டு, "இதுல தப்பே இல்லை மேடம், அதாவது, அதுதான் பிரச்சினை. தெரிஞ்ச வார்த்தைக்குள்ளேயே பத்திரமா சுத்தி வர்றீங்க. போதும்னு ஒரு இடத்துல நின்னுட்டீங்க" என்றாள். சுருக்கென்றது, ஆனால் உண்மை. புதுச் சொல்லைப் படிப்பதைவிடத் தெரிந்த சொல்லைச் சந்தேகப்படுவதுதான் மேல்நிலை என்றாள். அதற்கு அவள் கொடுத்த வேலைகளைக் கேள். ஒரு பக்கம் வாசித்து மூடி வைத்துவிட்டு, நினைவிலிருந்து அதையே எழுத வேண்டும், பிறகு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவர்கள் எங்கே ஒரு சின்னச் சொல்லால் அழுத்தியிருக்கிறார்கள், நான் எங்கே முழுங்கியிருக்கிறேன் என்று தெரியும். சொல்லைத் தனியாக எழுதிவைக்கக் கூடாது, அது எந்தச் சொல்லோடு சேர்ந்து வருமோ அதோடு எழுத வேண்டும். என் குரலை நானே பதிந்து கேட்க வேண்டும், முதல் தடவை கேட்டபோது யாரோ என்னைத் திட்டுவது போல இருந்தது. நிச்சயமாக, அநேகமாக, ஒருவேளை, இருக்கவே இருக்காது என்று எவ்வளவு உறுதி என்பதைச் சொல்லும் சொற்களை வரிசையாக அடுக்கச் சொன்னாள், நான் நோட்டில் ஆறு மாடி வரைந்து மாடிக்கு ஒன்றாக ஏற்றினேன். அன்று ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் அப்பாவுக்கும் வகுப்பெடுத்தேன். ஆங்கிலத்தில் கெட்ட சேதியை நேராகச் சொல்ல மாட்டார்கள், 'ஐ அம் அஃப்ரெய்ட்' என்று முன்னால் ஒரு பயத்தைப் போடுவார்கள் என்று சொல்லிக் கொடுத்து, டீ ஆறிப்போச்சு என்று பயமாக இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர், "ஆறின டீக்கெல்லாம் ஏன் பயப்படறே, கொண்டா நான் குடிச்சுடறேன்" என்று குடித்துவிட்டார்.

தேர்வில் பேசும் பகுதிதான் எனக்கு மலையாக இருந்தது. திரையில் முன்பின் தெரியாத ஒரு அம்மா, நீங்கள் ஒரு தப்பை ஒப்புக்கொண்ட சமயத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். எனக்கு இதைவிட வேறென்ன வேண்டும். கருகின வாசனையிலிருந்து ஆரம்பித்தேன். அடுத்த கேள்விக்கு நேரமாகியும் அந்த அம்மா என்னை நிறுத்தவில்லை, முடிந்ததும் அந்தப் பெரியவருக்குக் கண் சரியாகிவிட்டதா என்று கேட்டார், அது அவர் தாளில் இருந்த கேள்வியாக இருக்க முடியாது. சரியாகிவிட்டது, அடுத்த மாசம் கண்ணைத் திறந்துகொண்டு மாடிப்படியில் இறங்கிப் போனார் என்று சொன்னேன். முதல் தடவை எழுதும் பகுதியில் இரண்டு மார்க்கில் போய்விட்டது, மறுபடி எழுதினேன், போன மாசம் தேறிவிட்டேன். உனக்கு முன்னாலேயே சொல்லாதது மறுபடியும் கவிழ்ந்தால் உனக்குத் தெரிய வேண்டாமே என்றுதான், கோபித்துக்கொள்ளாதே. இப்போது கையெழுத்து என்னுடையதுதான். தாடிக்காரர் ஒரு வேலை செய்தார், எங்கள் ஊர்க்காரர்கள் எந்தச் சொல்லை எந்த அர்த்தத்தில் எழுதுவார்கள் என்று ஒரு பட்டியல் போட்டுத் தரச் சொன்னார், தப்பு படிக்கிறவர் பக்கமும் உண்டு, விளங்காதபோது நானும் கேட்டிருக்க வேண்டும் என்றார். போன திங்கட்கிழமை ஒல்லியின் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு, நம் பேச்சிலேயே, "சண்டேகமா இருக்கா?" என்று கேட்டார். ஒல்லி நாற்காலியிலிருந்து விழாத குறை.

நீ போன கடிதத்தில் எழுதியிருந்தாயே, ஆபீஸ் கூட்டத்தில் வாக்கியத்தை மனசுக்குள் சரி பண்ணி முடிப்பதற்குள் பேச்சு வேறு இடத்துக்குப் போய்விடுகிறது, எல்லோரும் உன்னை அமைதியானவள் என்கிறார்கள் என்று. நீயா அமைதி, உன்னோடு படித்தவர்களைக் கேட்டால் தெரியும். சரி பண்ணாமலே சொல்லிவிடு. புரியாததை அங்கேயே கேள், மரியாதைக்குச் சிரித்துவைக்காதே, நான் நாலு நாள் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

இன்னும் ஒன்று, இதை எழுதத்தான் இத்தனை தாளும். போன ஞாயிற்றுக்கிழமை நான் போன் பண்ணியபோது நீ கடைக்குப் போயிருந்தாய், மாப்பிள்ளை எடுத்தார். அவருக்குத் தமிழ் வராது, எனக்குப் போனில் ஆங்கிலம் வராது, அதனால் வழக்கமாக எங்களுக்குள் சௌக்கியமா, சௌக்கியம், அங்கே மழையா, இங்கே வெயில், அதோடு சரி. அன்று நான் ஆங்கிலத்தில் லிஃப்ட் கதையை ஆரம்பித்தேன். நாற்பது நிமிஷம் பேசினோம், அந்த மனுஷன் இவ்வளவு சிரிப்பார் என்றே எனக்குத் தெரியாது. சிரித்து முடித்துவிட்டு, ஒன்று கேட்கலாமா என்று தயங்கினார். நாலு வருஷத்துக்கு முன்னால் உன்னைக் கல்யாணம் பண்ணிக்கொள்ள வீடியோ போனில் எங்கள் சம்மதம் கேட்டபோது, நான் ஒரே வரி சொன்னேனாம், எனக்கு ஆட்சேபணை இல்லை என்று. அதற்கப்புறம் எதுவுமே சொல்லவில்லையாம். என்னைப் பிடிக்கவில்லை, மகளுக்காகப் பொறுத்துக்கொள்கிறார்கள் என்று அன்றிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன், அது சரிதானா என்றார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்திலேயே ரொம்ப மரியாதையான வாக்கியம் என்று ஒரு வாரம் மனப்பாடம் பண்ணிச் சொன்னது அது, கண்ணு. கோர்ட்டில் வக்கீல் சொல்வது போல அவர் காதில் விழுந்திருக்கிறது. நான் அவசரப்படவில்லை. அன்றைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்றால், போனை வைத்ததும் மொட்டைமாடிக்கு ஓடி, நீங்கள் எங்கள் மகளைப் பார்க்கும் பார்வையை நினைத்து நினைத்து அழுதேன், நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தது எங்கள் பாக்கியம் என்று ஆங்கிலத்தில் நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். அவர், இன்னொரு தடவை சொல்ல முடியுமா என்று கேட்டார். முன்பென்றால் என் உச்சரிப்புத்தான் புரியவில்லை என்று நினைத்து வெட்கப்பட்டிருப்பேன். அன்று நினைக்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன்.

அவர் உன்னிடம் இதைச் சொன்னாரோ என்னவோ, நீயாகக் கேட்காதே. பல் டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதே, இடது பக்கமே மென்று எத்தனை நாள் ஓட்டுவாய். இரண்டு பேரும் நோய் நொடியில்லாமல், ஒருத்தர் சொல்வது ஒருத்தருக்குப் புரிந்து, நீண்ட ஆயுளோடு நிறைவாக இருக்க என் மனசார வாழ்த்துகள். அப்பாவின் ஆசியும் இதிலேயே அடக்கம், அவர் மாடியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார்.

உன்னை எப்போதும் நினைத்திருக்கும்
அம்மா